பூச ஒரு கை

சிரட்டையில் உரைத்து வைத்த சாதிக்காய் விழுது காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தலைக்குக் குளித்தாயிற்று. பயத்தம்மாவு போட்டு முகத்தைக் கழுவியாயிற்று. வெளியே நெல்லியாளத்து மழை, பெய்வதா நிற்பதா என்று தீர்மானமில்லாமல் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். அந்த வாசனை கூச்சமே இல்லாமல் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மனுஷர்தான் யாரும் வரவில்லை.

விழுதின் ஓரம் முதலில் வெளுத்தது. பிறகு நடுவில் வெடிப்பு விட்டது. கொஞ்சம் பால் விட்டுக் குழைத்தேன். மறுபடியும் காய்ந்தது.

‘விரலில் தொட்டுப் பூசிக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம்?’ என்று கேட்பீர்கள். முகத்தில் கருந்திட்டுக்கு என்ன பூசலாம் என்று கேட்டு வாசகிகள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எதைப் பூசுவது என்று சொல்லிவிடலாம், அது சுலபம். எனக்கு அன்றைக்கு இருந்த பிரச்சினை, யார் பூசுவது என்பது.

தன் கை ஆகாது

நான் பிறந்து வளர்ந்தது இலங்கையில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். லயம் என்போம். அந்த லயத்தில் ஞாயிறு மத்தியானம் என்றால் பெண்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி மடியில் இன்னொருத்தி தலை. கையில் சிரட்டை. அதில் சாதிக்காயோ, கஸ்தூரி மஞ்சளோ, பாலில் ஊறிய மைசூர்ப் பருப்போ இருக்கும்.

வாரம் முழுக்க மலை வெயிலில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மங்கு வராமல் இருக்காது. மங்கு என்றால் கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கின் மேலும் படருகிற கருந்திட்டு. அதற்கு மருந்து பூசுவதென்றால் இன்னொருத்தியின் கைதான் பூச வேண்டும். தன் முகத்துக்குத் தானே பூசினால் மங்கு போகாது, இடம் மாறி உட்காரும் என்பார்கள். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று தெரியாது. துரை போடவில்லை, கங்காணி போடவில்லை. ஆனால் அவர்கள் போட்ட சட்டத்தையெல்லாம் மீறிய பெண்கள்கூட இதை மீறியதில்லை.

ஆண்கள் பூசலாமா என்று குறும்புக்காரர்கள் கேட்கலாம். கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் லயத்தில் எந்த ஆணும் கேட்டதுமில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பூசுகிறவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பூசிக்கொண்டவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பூச்சு வெடித்துவிடும். அதனால் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரை வேண்டுமென்றே ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒருத்தி திட்டித் தீர்ப்பாள், இன்னொருத்தி கேட்டுத்தான் ஆக வேண்டும். அடுத்த வாரம் மாற்றி.

எனக்குப் பூசுகிறவள் என் தங்கச்சி மாரியாயி. வாயாடி. அவள் கை பூசுவதற்குள் வாய் மஸ்கெலியாவைச் சுற்றி வந்துவிடும். பதில் சொல்ல முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். அந்தக் கையின் சில்லிப்பில் பாதி நாள் தூங்கியே போவேன்.

பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. நானும் என் கணவரும் இந்தியா பக்கம் வந்தோம். அம்மாவும் மாரியாயியும் அங்கேயே நின்றுபோனார்கள். புறப்படுகிற அன்று அம்மா என் முந்தானையில் ஒரு பிடி சாதிக்காயை முடிந்துவிட்டாள். “கப்பல்ல வெயில் படும்டி, மூஞ்சியப் பாத்துக்க” என்றாள். மருந்தைக் கொடுத்தவள் கையை எங்கே கொடுப்பாள்?

சுடாத வெயில்

கப்பல் இறங்கித் தங்கவைத்த மண்டபம் முகாமில் அடித்த வெயில் ஒரு பக்கம், நீலகிரி மலையில் கூடலூர் ஏறி வந்து சேர்ந்த பின் அடித்த வெயில் இன்னொரு பக்கம். இரண்டில் மோசம் இரண்டாவதுதான். மண்டபத்து வெயில் சுடும். சுட்டால் நிழலுக்கு ஓடுவோம். மலை வெயில் சுடாது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்போம். அது சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துவிடும்.

நெல்லியாளத்துக்குப் பக்கத்தில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று வைத்த தோட்டத்தில் எங்களுக்கு வேலை கிடைத்தது. கையோடு, குந்தாவில் மின்சார வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் கணவர் அங்கே போய்விட்டார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். எனக்குப் பிள்ளை இல்லை. எங்களோடு கப்பலில் வந்தவர்களை வேறு வேறு தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். ஆள் போதாமல் உள்ளூரிலும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். என் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் முன்பே கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். என் பேர் பாக்கியம். அவர்களுக்கு நான் ‘சிலோன்காரி’.

சிலோன்காரி என்றால்கூடப் பரவாயில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் காய்ந்ததும் என் முகத்தில் மங்கு ஏறிவிட்டது. இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டிலும். கைக்கண்ணாடியில் பார்த்தால் யாரோ கரிக்கையால் என்னை அறைந்ததுபோல இருந்தது.

அதைப் பார்த்து ஒருத்தி ஒட்டுவாரொட்டி, தொட்டால் பரவும் என்று சொல்லிவிட்டாள். கப்பலில் வந்த நோவாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஒரு நாள் காலை குழாயடிக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவள் தன் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பின்னால் நின்றவளும் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு நான் போனாலே குடங்கள் நகர்ந்தன. எல்லாரும் பிடித்து முடித்த பின்பு போகப் பழகிக்கொண்டேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார், மலையாளத்துக்காரர். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பகரில்லா, பேடிக்கண்டா. பயப்படாதே, யாருக்கும் ஒட்டாது” என்று வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கேட்டார்கள். தலையாட்டினார்கள். குடங்கள் மட்டும் நகர்ந்துகொண்டேதான் இருந்தன.

வைத்தியம் சொல்லும் வாய்கள்

ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் வாசலில் வந்து நின்றால் அவரவர் வாசலில் இருந்தே வைத்தியம் சொல்வார்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து தயிரோடு போடு என்பாள் ஒருத்தி. பப்பாளியை மசித்துப் போடு என்பாள் இன்னொருத்தி. கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் அலசிப் போடு என்று மூன்றாவது குரல் வரும். வைத்தியம் சொல்ல நூறு வாய் இருந்தது, தொட ஒரு கை இல்லை. எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அவர்கள் சொன்னதெல்லாம் தப்பும் இல்லை. கடிதம் எழுதிய வாசகிகளுக்காக எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாதிக்காயைக் காய்ச்சாத பாலில் சந்தனம்போல உரைத்து, திட்டின் மேல் மட்டும் மெல்லப் பூசி, காயும் முன்பே கழுவ வேண்டும். எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும். முதலில் முழங்கையின் உள்பக்கம் பூசிப் பார்ப்பது நல்லது. உருளைக்கிழங்குச் சாறு சாது, கெடுதல் செய்யாது. எலுமிச்சம்பழத்தை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் கொழுந்துக்குப் போனவளின் கன்னம் முன்னைவிடக் கறுத்ததை மஸ்கெலியாவிலேயே பார்த்திருக்கிறேன். எதைப் பூசினாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போகாவிட்டால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான். திட்டு வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

எல்லாம் தெரிந்தும் நான் பூசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உரைப்பேன். காயவிடுவேன். சிரட்டையைக் கழுவிக் கவிழ்ப்பேன்.

மாதக் கடைசியில் வந்த கணவர் இதைப் பார்த்துவிட்டு, “பூசுறதுன்னா பூசு, இல்லாட்டி விடு. என்னாத்துக்கு வாராவாரம் பாலை வீணாக்குற?” என்றார். அவருக்கு என்ன சொல்வது? மூடநம்பிக்கை என்பீர்கள். இருக்கட்டும். என் கையால் பூசிக்கொண்டால், எனக்கென்று ஒரு கை இனி கிடையாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் உண்மையான காரணம். அப்போது இப்படிச் சொல்லத் தெரியவில்லை.

கதவு நிலை

ஆனாலும் ஆசை விடுமா? ஒரு ஞாயிறு எனக்குப் பெரிய புத்தி ஒன்று உதித்தது. தன் கைதானே ஆகாது? கதவு நிலை என் கை இல்லையே!

அன்றைக்குச் சாதிக்காயோடு கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து நன்றாகக் கெட்டியாகக் குழைத்தேன். ஒரு குச்சியால் எடுத்து, வாசல் நிலையில் என் கன்ன உயரத்துக்கு அப்பினேன். அப்புறம் கன்னத்தைக் கொண்டுபோய் அதில் தேய்த்தேன். கன்னத்துக்கு வந்ததைவிட மூக்குக்கும் காதுக்கும் வந்ததுதான் அதிகம். சரி, அடுத்த கன்னம் என்று திரும்பித் தேய்த்தேன். நெற்றிக்குக் குனிந்து முட்டிக்கொண்டு நின்றேன்.

“ஐயோ சாமி!”

இரண்டு வீடு தள்ளி இருந்த ராமாத்தா. அன்னூர்ப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள், என் வயதுதான் இருக்கும். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. குழாயடியில் குடத்தை முதலில் நகர்த்தியவளும் அவள்தான். தப்பிப்போன கோழியைத் தேடிக்கொண்டு என் வாசல் பக்கம் வந்திருக்கிறாள். மூஞ்சியெல்லாம் மஞ்சளோடு, கதவு நிலையில் மாடு உரசுவதுபோல உரசிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் கோழியை மறந்து ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிலோன்காரிக்குப் பேய் பிடித்துவிட்டது. மேஸ்திரிகூட என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏனம்மா, ஒடம்பு சொகந்தானே?” என்று விசாரித்தார். அதுவரை குடம் மட்டும்தான் நகர்ந்தது. அன்றிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவில் எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை காலியாகக் கிடந்தது. வேலை முடிகிறவரைக்கும் கொழுந்து ஒடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் என் காதில் விழாது. மஸ்கெலியாவுக்கே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று நினைத்தேன். போவதற்கு வழியில்லை என்பதும் தெரியும். அந்த வாரம்போல ஒரு வாரம் என் வாழ்வில் அதற்குப் பிறகு வந்ததில்லை.

வாழையிலைத் துண்டு

அடுத்த ஞாயிறு நான் எதையும் உரைக்கவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டுச் சுருண்டு படுத்திருந்தேன்.

“ஏனுங்க... ஊட்ல இருக்கறீங்களா?”

எட்டிப் பார்த்தேன். ராமாத்தா முற்றத்தில் நின்றிருந்தாள், ஓட வசதியாக ஒரு காலைப் பின்னால் வைத்து.

“ஒண்ணு கேக்கோணுமுங்க. கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாது. அன்னிக்கு எதுக்குங்க நெலையில மூஞ்சியத் தேச்சீங்க? ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லீங்க.”

வாசலில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். “எங்க பக்கம் சொந்தக் கையால பூச ஏலாதுங்க. இன்னொரு பொம்பள கை வேணும். இங்க நான் யாரைக் கேக்குறது? நெலை என் கை இல்லதானே, அதான்...”

ராமாத்தா என்னைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள். நிலையில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். “அட கெரகமே! மாடாட்ட நின்னு ஒரசுனீங்களே! ஒரு கை வேணும்னா கூப்புட்டா ஆகாதுங்களா?”

“கூப்புட்டா வந்திருப்பீங்களா?”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தரையைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுக் கெடுத்துக்கொண்டேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு வாழையிலைத் துண்டு.

“அரைச்சு வெச்சிருக்கறீங்களா?”

அவசர அவசரமாகச் சாதிக்காயையும் கஸ்தூரி மஞ்சளையும் உரைத்தேன். பால் தரையில் சிந்தியது. அவள் உள்ளே வராமல் வாசல்படியில் உட்கார்ந்தாள். இலைத்துண்டை விரல்களில் சுற்றிக்கொண்டாள். அந்த இலை மேல்தான் விழுதை எடுத்து, கையை நீட்டி, என் கன்னத்தில் வைத்தாள். விரல் என் மேல் படவில்லை. இலையின் வழவழப்புதான் பட்டது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் அவ்வளவு கிட்ட உட்கார்ந்தது அன்றுதான்.

“பூசுறவங்க பேசோணும்னு சொன்னீங்களே. என்னத்தப் பேசறது?” என்றாள்.

நான் வாயைத் திறக்கக் கூடாதே. கண்ணால் சிரித்தேன்.

காணாமல்போன கோழியைப் பற்றிப் பேசினாள். கோழி கிடைத்துவிட்டதாம். அடுத்த ஞாயிறும் இலையோடு வந்தாள். புருஷனைப் பற்றி, பாக்டரியில் அவனுக்கு மாறிய ஷிப்டைப் பற்றிப் பேசினாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மங்கு கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அது சாதிக்காயின் வேலையா, மேகம் கூடி வெயில் குறைந்ததன் வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழுசாக அது போகவுமில்லை. இப்போதும் இடது கன்னத்தில் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு ஞாயிறு பேச்சு அவள் அம்மாவிடம் போயிற்று.

“எங்கம்மா செத்துப்போச்சுன்னு சேதி வந்தப்ப மழைக்காலமுங்க. கீழ எறங்கற ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. பஸ்ஸு இல்ல. அப்பறம் நடந்தும் லாரியப் புடிச்சும் நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. மூஞ்சியக்கூடப் பாக்கலீங்க. என்னைய வளத்த மூஞ்சி...”

இலை கிழிந்தது. அவள் அதை உதறி எறிந்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல், வெறும் விரலில் விழுதைத் தொட்டு என் நெற்றியில் இழுத்தாள். காய்ப்புக் காய்த்த விரல்கள். கொழுந்துக் கறை நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

“யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. சொன்னா எல்லாரும், போனது போச்சு விடுன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. அதனால சொல்றேன்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. என் நெற்றியைத் தொட்ட அதே விரலால் கண்ணுக்குக் கீழே துடைத்துக்கொண்டாள். மஞ்சள் ஒரு கோடாக அவள் கன்னத்தில் இழுபட்டது. அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. அழக் கூடாது என்றும் பார்த்தேன். அதுமட்டும் முடியவில்லை.

தண்ணீர் விடுகிற நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“ராமாத்தா, மூஞ்சியில என்னடி மஞ்சளா?”

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். கழுவிக்கொள்ளத் தண்ணீர் அவள் கைக்கெட்டிய தூரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“பாக்கியம் ஊட்டு மருந்து. அவுங்களுக்குப் பூசிவுட்டேன், பட்டிருக்கும்” என்றாள். குடத்தைக் குழாய்க்கு நேராகத் தள்ளி வைத்தாள்.

நான் உள்ளே போய் என் குடத்தை எடுத்தேன். முகம் நிறையப் பூச்சோடு, அத்தனை பேர் பார்க்க நடந்து போய், வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவள் குடம் இருந்த இடத்திலேயே இருந்தது.